கண் தெரியாத பெரியவர் விட்ட 5 கிலோ விமானம்: 3 ஆயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டியது!

எடை 5 கிலோ. ஒரு சின்ன அரிசிப் பை அளவு. இறக்கை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை 6 அடி. என்ஜின் 10 சி.சி. டி.வி.எஸ். 50 மொபெட் என்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே ஆள் கிடையாது.

இப்படிப்பட்ட ஒரு மாடல் விமானம் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டியது. கனடாவில் கிளம்பியது. அயர்லாந்தில் இறங்கியது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. நிற்க இடமும் இல்லை. எல்லாம் தண்ணீர்!

போன தூரம் 3,028 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் ஸ்ரீநகருக்கு நேர்கோடு போட்டால்கூட 2,900 கிலோமீட்டர்தான் வரும். அதையும் தாண்டிய தூரம்.

இதைச் செய்தவர் இளவட்டம் அல்ல. வயது 77. சட்டப்படி கண் தெரியாதவர் என்று பதிவானவர். காதும் அநேகமாகக் கேட்காது. பெயர் மேனார்ட் ஹில். ஊர், அமெரிக்காவில் மேரிலாண்டு மாநிலத்தில் உள்ள சில்வர் ஸ்பிரிங்.

2003-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த சம்பவம் இது. எப்படி நடந்தது? விவரம் வருமாறு:-

கண்தான் மூலதனம்

ரேடியோ கண்ட்ரோல் விமானம் என்றால் பலர் பொம்மை என்று நினைப்பார்கள். அதுதான் இல்லை. பெரிய விமானத்தில் இருப்பது எல்லாம் இதிலும் உண்டு. இறக்கையில் ஏறி இறங்கும் பலகை. வாலில் மூக்கைத் தூக்க ஒரு பலகை. திருப்ப ஒரு சுக்கான். என்ஜினுக்கு ஒரு கார்புரேட்டர்.

ஓட்டுகிறவர் தரையில் நிற்பார். கையில் ஒரு பெட்டி. அதில் 2 குச்சிகள். குச்சியை அசைத்தால் பெட்டியில் இருந்து ரேடியோ அலை போகும். விமானத்தில் உள்ள ரிசீவர் அதைப் பிடிக்கும். "சர்வோ" என்கிற தீப்பெட்டி அளவு மோட்டார்கள் கம்பியை இழுக்கும். பலகை அசையும். விமானம் திரும்பும். அவ்வளவுதான் சூத்திரம்.

கேட்க சுலபம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் கஷ்டம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது பக்கம் வலதுதான். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ். வலது பக்கம் குச்சியைத் தள்ளினால், நம் கண்ணுக்கு அது இடது பக்கம் சாயும். புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். ராத்திரி பகலாக மாதக்கணக்கில் ஒட்டிச் செய்த விமானம், ஒரு நொடியில் சுக்குநூறு!

ஆகவே இந்தத் தொழிலில் கண்தான் மூலதனம். விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது, மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. காது இரண்டாவது. என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்கள் கைதேர்ந்தவர்கள்.

ஹில்லுக்கு இரண்டும் போய்விட்டது.

யார் இந்த ஹில்?

அவர் சாமானியப்பட்டவர் அல்ல. உலோக இயல் படித்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ரேடியோ விமானக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வால்டர் குட் என்பவரும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்தான். 1930-களின் கடைசியில் வால்டர் குட்டும், அவருடைய உடன்பிறந்த வில்லியம் குட்டும் "கப்" என்ற ரேடியோ விமானத்தை விட்டு அமெரிக்காவையே வேடிக்கை பார்க்க வைத்தார்கள்.

ஹில்லுக்கு ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரம் எல்லாம் மாடல் விமானம்தான். 1970-ம் ஆண்டு அவர் விட்ட ஒரு விமானம் 8,205 மீட்டர் உயரம் போனது. எவரெஸ்ட் சிகரத்தைவிட 650 மீட்டர்தான் குறைவு! 1992-ம் ஆண்டு இன்னொரு விமானத்தை 33 மணி நேரத்துக்கு மேல் இறக்காமல் பறக்க விட்டார். உலக சாதனைகள் ஒன்றல்ல, இரண்டல்ல.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். வயது ஏறியது. கண் மங்கியது. காது அடைத்தது. இந்த நிலையில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கட்டிப் பரணில் போடுவார்கள். ஹில் அப்படிச் செய்யவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும் என்று கிளம்பினார்!

"பெரியவருக்கு ஏன் இந்த வேலை?" என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்.

கிராம் கணக்கு

மாடல் விமானத்துக்கு சர்வதேச விமான விளையாட்டு சம்மேளனம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. எரிபொருளையும் சேர்த்து 5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. போனால் சாதனை செல்லாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998-ம் ஆண்டே ஆள் இல்லாத ஒரு விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. "ஏரோசோண்ட்" என்று பெயர். வானிலை ஆராய்ச்சிக்காகச் செய்தது. அதன் எடை சுமார் 13 கிலோ. ஹில்லுக்கு அனுமதி 5 கிலோதான்.

5 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். இறக்கை, என்ஜின், ரேடியோ, பாட்டரி, வழிகாட்டும் கருவி, எரிபொருள் எல்லாம்! எரிபொருளைக் கூட்டினால் உடம்பைக் குறைக்க வேண்டும். உடம்பைக் குறைத்தால் காற்றில் ஒடியும். கல்யாணச் செலவு மாதிரி, ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் துண்டு விழும்.

ஹில் என்ன செய்தார்? உடம்பை பால்சா மரத்தில் செய்தார். தென் அமெரிக்காவில் வளரும் மரம் இது. கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருக்கும். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தினார். காலி விமானத்தின் எடை 3 கிலோகூட இல்லை. கிளம்பும்போது மொத்த எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான்.

கண் சரியாகத் தெரியாதவர் இதை எப்படிச் செய்தார்? கை இருந்ததே! பல வருஷமாக பால்சா மரத்தைச் சீவிச் சீவிப் பழகிய கை. மரத்தின் மேல் விரலை ஓட்டினால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடும். கண்ணால்தான் முடியும் என்ற வேலைக்கு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் எலக்ட்ரானிக்ஸ். ஒருவர் என்ஜின். ஒருவர் ரேடியோ. யாரும் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. பெரியவர் மேல் உள்ள பிரியத்துக்கு வந்தவர்கள்.

விளக்கெண்ணெயும் விளக்கு எண்ணெயும்

சாதாரணமாக மாடல் விமான என்ஜினுக்கு மெத்தனால் என்ற சாராயத்தை ஊற்றுவார்கள். என்ஜின் தேயாமல் இருக்க அதில் எண்ணெய் கலப்பார்கள். பழைய நாளில் கலந்தது எது தெரியுமா? விளக்கெண்ணெய்! நம்ம ஊர் பாட்டி குழந்தைக்கு கொடுக்கும் அதே ஆமணக்கு எண்ணெய்தான். வெளிநாடுகளில் இன்றும் சிலர் அதைக் கலக்கிறார்கள்.

ஆனால் மெத்தனாலில் ஒரு குறை. எடைக்கு எடை பார்த்தால், பெட்ரோலில் உள்ள சக்தியில் பாதிகூட அதில் கிடையாது. அதை ஊற்றினால் பாதிக் கடல் தாண்டுவதற்குள் டாங்கி காலி.

எனவே ஹில் எரிபொருளை மாற்றினார். காட்டில் கூடாரம் போடுகிறவர்கள் விளக்குக்கு ஊற்றும் சுத்தமான வெள்ளை பெட்ரோலைப் பிடித்தார். ஜப்பான் நாட்டு என்ஜின் ஒன்றை வாங்கி, அதற்குத் தகுந்தபடி மாற்றினார். துளித்துளியாக இறங்கும்படி கார்புரேட்டரையும் சரிப்படுத்தினார்கள்.

பலன் என்ன? விமானத்தில் ஊற்றியது 4 லிட்டர்கூட இல்லை. 38 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மணிக்கு 100 மில்லிக்கும் குறைவான செலவு!

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: லிட்டருக்கு 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்திருக்கிறது. ஒரு லிட்டர் போட்டால் சென்னையில் இருந்து நாகர்கோவில் போய்ச் சேர்ந்து, மிச்சமும் இருக்கும்.

நடுக்கடலில் யார் ஓட்டுவது?

எரிபொருள் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த பிரச்சினை அதைவிடப் பெரிது.

கையில் உள்ள பெட்டியின் ரேடியோ அலை சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். அதற்கும் முன்னாலேயே விமானம் கண்ணுக்குப் புள்ளியாகி மறைந்துவிடும். கடலின் அகலமோ 3 ஆயிரம் கிலோமீட்டர். நடுக்கடலில் யார் ஓட்டுவது?

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கனடா கரையில் ஒருவர் பெட்டியை வைத்துக்கொண்டு கிளப்பி விடுவார். விமானம் நிதானத்துக்கு வந்ததும் ஒரு சுவிட்சைத் தட்டுவார். அதோடு தானியங்கிக் கருவி பொறுப்பு எடுத்துக்கொள்ளும். செயற்கைக் கோள்கள் காட்டும் வழியைப் பார்த்து அதுவே போகும். அயர்லாந்து கரைக்கு வந்ததும், அங்கே காத்திருப்பவர் பெட்டியால் பிடித்து இறக்குவார்.

அதாவது, கண் உள்ளவர்களுக்கும் நடுக்கடலில் கண் கிடையாது. அந்த விஷயத்தில் ஹில்லும் ஒன்றுதான், மற்றவர்களும் ஒன்றுதான்.

நாலும் போச்சு!

2002-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எல்லோரும் கனடா போனார்கள். நியூபவுண்ட்லாண்டு தீவில் கேப் ஸ்பியர் என்ற முனை இருக்கிறது. கனடாவின் கிழக்குக் கோடி அது. அங்கே இருந்து விட்டால் கடல் தூரம் குறைவு.

ஒரு விமானம் விட்டார்கள். போய்ச் சேரவில்லை. இரண்டாவது விட்டார்கள். அதுவும் போய்ச் சேரவில்லை. மூன்றாவதும் அதே கதை. மாதக்கணக்கில் கிராம் கிராமாக எடை பார்த்துச் செய்தவை. எல்லாம் போனதோடு சரி.

வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். அத்தோடு விட்டிருந்தால் இந்தச் செய்தியே இல்லை. எங்கே தப்பு என்று பார்த்தார்கள். மறுபடி செய்தார்கள். 2003-ம் ஆண்டு ஆகஸ்டில் மறுபடி அதே முனைக்கு வந்தார்கள்.

நாலாவது விமானத்தை விட்டார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அதுவும் போச்சு!

மிச்சம் இருந்தது ஐந்தாவது.

சனிக்கிழமை மாலை

ஆகஸ்டு 9-ந் தேதி, சனிக்கிழமை. அந்த ஊர் நேரப்படி மாலை 7.45 மணி. நம்ம ஊர் கடிகாரப்படி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் 3.45. இங்கே பால்காரர்கூட எழுந்திருக்காத நேரம்.

ஐந்தாவது விமானத்தை ஹில் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். என்ஜின் ஓடுகிறது. கடல் பக்கம் பார்த்து நின்று, ஒரே வீச்சு! விமானம் கிளம்பியது. நண்பர் பெட்டியால் அதைத் தூக்கி நிறுத்தினார். சுவிட்சைத் தட்டினார்.

கூடியிருந்தவர்கள் விமானம் புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீசிய பெரியவருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. கையை விட்டுப் போனது தெரியும். எங்கே போகிறது என்று அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2 ராத்திரி

விமானம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் போனது. எல்.ஐ.சி. கட்டிடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 6 அடுக்கு வைத்தால் வரும் உயரம். கீழே கடல். சுற்றிலும் இருட்டு.

எங்கே இருக்கிறது, என்ஜின் எப்படி ஓடுகிறது என்று விமானமே அவ்வப்போது செயற்கைக் கோளுக்குத் தகவல் அனுப்பும். அதைக் கரையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். தகவல் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால்? நடுவில் சில மணி நேரம் தகவல் வராமல் நின்றுபோனது. இதுவும் போச்சோ என்று எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

மறுபடி தகவல் வந்தது. விமானம் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்தது. கறி வாங்கி, சமைத்து, சாப்பிட்டு, படம் பார்த்து, தூங்கி எழுந்து திங்கட்கிழமை ஆபீசுக்கும் போய்விட்டார்கள். அதுவரைக்கும் அந்த 10 சி.சி. என்ஜின் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர். பின்னால் இருந்து அடித்த காற்றும் ஒத்தாசை செய்தது.

வந்தது!

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிப்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. பக்கத்தில் மானின் கடற்கரை. அங்கே டேவ் பிரவுன் என்பவர் கையில் பெட்டியோடு காத்திருந்தார். அப்போது அமெரிக்க மாடல் விமானச் சங்கத்தின் தலைவர் அவர்.

இந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1919-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பேர் முதல் முறையாக அட்லாண்டிக்கை நிற்காமல் விமானத்தில் தாண்டினார்கள். அவர்கள் கிளம்பியதும் நியூபவுண்ட்லாண்டு. இறங்கியதும் இதே கிளிப்டன் பக்கம்தான். புல்தரை என்று நினைத்துச் சதுப்பு நிலத்தில் இறக்கி, விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அவர்கள் எடுத்துப் போன பெட்ரோல் சுமார் 3,900 லிட்டர். ஹில்லின் விமானம் கொண்டுபோனது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

ஆகஸ்டு 11-ந் தேதி திங்கட்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் கடல் பக்கம் விமானம் தெரிந்தது. டேவ் பிரவுன் பெட்டியால் பிடித்தார். பத்திரமாக இறக்கினார். மணி 2.08. இங்கே மாலை 6.38. சென்னையில் மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரம்.

கிளம்பி 38 மணி 52 நிமிடம் 19 வினாடி ஆகியிருந்தது. டாங்கியைத் திறந்து பார்த்தார்கள். காபி டம்ளரின் அடியில் தங்கும் அளவுதான் எரிபொருள் மிச்சம்! எதிர்காற்று சற்று நேரம் அடித்திருந்தால் கடலிலேயே போயிருக்கும். கிராம் கிராமாகப் பார்த்த கணக்கு வீண் போகவில்லை.

சேதி கனடாவில் இருந்த ஹில்லுக்குப் போனது. மனைவியைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதுவிட்டார். இதைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

தூரத்துக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என்று 2 உலக சாதனைகள் சம்மேளனத்தின் ஏட்டில் பதிவாயின.

பெயர் யாருக்கு?

விமானத்தின் பெயர் "ஸ்பிரிட் ஆப் பட்ஸ் பார்ம்". 1927-ம் ஆண்டு லிண்ட்பெர்க் தனி ஆளாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்துக்கு "ஸ்பிரிட் ஆப் செயின்ட் லூயிஸ்" என்று பெயர். அந்த மாதிரியில் வைத்த பெயர் இது.

செயின்ட் லூயிஸ் பெரிய நகரம். பட்ஸ் பார்ம் என்பது எது? ஒரு பண்ணை! பீச்சர் பட்ஸ் என்பவருக்குச் சொந்தமானது. விமானத்தை விட்டுச் சோதனை பார்க்க இடம் வேண்டுமே! பட்ஸ் தன் நிலத்தைக் கொடுத்தார். அங்கேதான் ஏற்றினார்கள், இறக்கினார்கள், உடைத்தார்கள், மறுபடி ஒட்டினார்கள்.

வாழ்நாள் முழுவதும் மாடல் விமானத்துக்கே செலவு செய்த ஹில், தன் பெயரை அதற்கு வைத்துக்கொள்ளவில்லை. நிலம் கொடுத்த மனிதரின் பெயரை எழுதி அனுப்பினார். அது கடலைத் தாண்டியது.

ஹில் 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். வயது 85. அவருடைய கையை விட்டுக் கிளம்பிய ஐந்தாவது விமானத்தை அயர்லாந்து கரையில் பார்த்தவர்கள் பல பேர். அது கரை சேர்ந்த காட்சியை அவர் மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே சேர்த்துவிட்டார்.